புகாருக்குள் கூப்பிட்ட பெயர்

மண்ணைக் கண்டால் இவருக்கு மண்டை கழன்றுவிடும். கோயில் திருவிழாவோ கலியாண வீடோ, வேறு ஊர் என்றால் முதலில் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார். பொத்திப் பிடித்து இறுக்குவார், விரித்துப் பார்ப்பார், மூக்கில் வைத்து மணப்பார். சில வேளை நாக்கு நுனியிலும் தொட்டுப் பார்ப்பார். பட்டு வேட்டி உடுத்த மனிதன் சம்பந்தி வீட்டு முற்றத்தில் நின்று மண்ணை ருசி பார்த்தால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? "உங்களுக்கு வெக்கம் எண்டு ஒண்டு இல்லையே?" என்று கேட்டால், "நல்ல மண்ணப்பா, வெங்காயம் சோக்காய் வரும்" என்பார். உரும்பிராயில் செம்மண்ணில் பிறந்து, அந்தச் செம்மண்ணிலேயே உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வாழ்கிறவர். என் கணவர். வேறென்ன சொல்ல?

எங்கள் மகளுக்கு நுவரெலியாவுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வந்து பாருங்கோ, வந்து பாருங்கோ என்று நெடுக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இவர் அசையவில்லை. குளிர் என்றார், பயணம் நீளம் என்றார், ஆட்டுக்குத் தின்ன யார் குழை கட்டுவது என்றார். கடைசியில் அவள் போனில் ஒரு கதை சொன்னாள். "அப்பா, ஹோட்டன் சமவெளி எண்டு மலைக்கு மேலை ஒரு பெரிய வெளி கிடக்கு. இப்ப அது தேசியப் பூங்கா. முந்தி அங்கை விதைக்கிழங்கு போட்டவங்களாம்." அவ்வளவுதான். மனிதன் அன்றைக்கே வேட்டி தோய்க்கப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு நடுகிறவனுக்கு விதைக்கிழங்கு வருகிற குளிர் நிலம் என்றால் மற்றவர்களுக்குக் கதிர்காமம் மாதிரி. கிழங்கு நடுகைக்கு நாள் கிடந்தது. போன ஆவணியில் புறப்பட்டோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இஞ்சேருங்கோ" என்பேன். அதுவே போதும். ஆஸ்பத்திரியில் தாதி, கணவர் பெயர் என்ன என்று கேட்டால் அடையாள அட்டையை முன்னால் தள்ளிவிடுவேன். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லுவேன், பெயரை மகள் சொல்லுவாள். பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். நம்புகிறேனா என்று மகள் கேட்பாள். நம்பவும் இல்லை, சொல்லவும் இல்லை. வாய் வராது, அவ்வளவுதான். இங்கே எழுதவும் மாட்டேன்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண் ஒருத்திதான். அவருடைய தாய், என் மாமி. கிணற்றடியில் நின்று அவ இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தோட்டத்தின் அந்தத் தொங்கல்வரை கேட்கும். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. நான் பரிமாறின சோற்றில் கை வைத்திருப்பார், தாய் கூப்பிட்டதும் கையை உதறிவிட்டு ஓடுவார். சோறு ஆறிப் போகும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! மாமி செத்து வருசங்களாகிவிட்டது. ஊரில் சிலருக்கு இன்னும் ஒரு குறும்பு. நான் உரத்துக் கதைத்தால், "அச்சாய் மாமியின்ரை குரலடி உனக்கு" என்பார்கள். யாரோடு என்னை ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

மாமி இவருக்குப் பழக்கிவிட்ட ஒரு கூத்தும் உண்டு. வாசல் படலையில் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவர் முதல் தரத்தில் ஓம் என்று சொல்லமாட்டார். இரண்டாம் தரமும் சொல்லமாட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் வாய் திறப்பார். பேய் என்றால் மூன்று தரம் கூப்பிடாதாம். தபால்காரன் வெயிலுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துவான், இவர் உள்ளே இருந்து எண்ணிக்கொண்டிருப்பார். என்னுடைய "இஞ்சேருங்கோ"வுக்கு அந்தச் சட்டம் கிடையாது. பேய்க்குப் பெயர்தான் தெரியுமே தவிர, "இஞ்சேருங்கோ" தெரியாதாம்.

சரி, கதைக்கு வருகிறேன். விடியற்காலையில் வாகனம் பிடித்து மலை ஏறினோம். இவருக்கு நீரிழிவு, வழக்கம்போல் சீனி வருத்தத்துக் குளிசையைப் போட்டார். குளிரில் வாய் வைக்க ஏலாது என்று இரண்டு வாய் பாணோடு எழும்பிவிட்டார். "மேலை போய்ச் சாப்பிடுவம்" என்றார். புட்டுப் பார்சல் என் பையில் இருந்தது. அதோடு, சீனி குறைந்தால் கொடுக்கவென்று நான் எப்போதும் கொண்டு திரியும் தோடம்பழ இனிப்பும்.

பூங்காவின் வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். பொலித்தீன் உள்ளே கொண்டு போகக் கூடாதாம். புட்டைக் கடதாசிக்கு மாற்றித் தந்தார்கள். இனிப்பின் உறைகளையும் ஒவ்வொன்றாய்க் கழற்றச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். "இனிப்பெல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டப்போகுது" என்றேன். மகள், "அம்மா, மரையள் பொலித்தீனைத் திண்டு சாகுதுகள், சும்மா வாங்கோ" என்றாள். திரும்பிப் பார்த்தால், வாசலுக்குப் பக்கத்திலேயே மரை ஒன்று நிற்கிறது. மாட்டளவு உயரம், கழுத்தெல்லாம் சடை மயிர், ஈர மூக்கு. மனிதரைக் கண்டு அதற்குப் பயமே இல்லை. இவர் அதன் முகத்தைப் பார்த்து, "குழை ஒண்டும் கொண்டரேல்லையே" என்று கவலைப்பட்டார். அதற்கும் தீனி கொடுக்கக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது.

நடக்கத் தொடங்கினோம். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் இடத்தை நான் கண்டதில்லை. மலைக்கு மேலே ஏறினால் உச்சி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏறி முடிந்தால் அங்கே கண்ணுக்கெட்டினமட்டும் புல்வெளி. காய்ந்த புல் கும்பம் கும்பமாய் முளைத்துக் கிடந்தது. புல்வெளிக்கு ஓரமாய்க் காடு. அந்தக் காட்டு மரங்கள் ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. காற்று அடித்து அடித்துத் தலை எல்லாம் ஒரே மட்டத்தில் குடை விரித்த மாதிரி. கிளை முழுவதும் பச்சைப் பாசி. சில கிளைகளில் நரைத்த பாசி தாடியாய்த் தொங்கியது. இடையில் கோணல் மாணலாய் ஒரு மரம், அதில் இரத்தச் சிவப்பில் ஒன்றிரண்டு பூங்கொத்து. மகள் அதற்கு ஏதோ பெரிய பெயர் சொன்னாள், எனக்கு மனதில் நிற்கவில்லை. பாலத்துக்குக் கீழே தண்ணீர் தானாக ஓடியது. யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. கிணற்றில் அள்ளினால்தான் தண்ணீர். இவர் பாலத்தில் குனிந்து நின்று, "உந்தத் தண்ணியை ஒருத்தரும் மறிக்காமல் விட்டிருக்கிறாங்களே" என்று பெருமூச்சு விட்டார். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

பாதை முழுக்க இவருடைய கண் நிலத்தில்தான். பாதை மண் மிதிபட்டுக் களிமண்ணாய் இறுகிக் கிடந்தது. "இது சரிவராது. மிதிபடாத மண்ணைப் பிடிச்சுப் பாக்க வேணும்" என்று முணுமுணுத்தார். "பாதையை விட்டு இறங்கக் கூடாது எண்டு எழுதிக் கிடக்கு. பேசாமல் வாங்கோ" என்றேன். "ஓமோம்" என்றார். அந்த "ஓமோம்" எனக்குத் தெரியாதா? அது செய்யப் போகிற மனிதனின் ஓமோம்.

மகள் சிவப்புப் பூவைப் படம் எடுக்க நின்றாள். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று கிளையில் அசையாமல் இருந்தது, அதையும் எடுத்தாள். நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் "மெல்ல நடந்து போறன்" என்று முன்னால் போனார். வளைவு திரும்பினோம், ஆளைக் காணவில்லை. அடுத்த வளைவிலும் காணவில்லை. எதிரே திரும்பி வந்த பெடியள் கூட்டத்தை மகள் சிங்களத்தில் விசாரித்தாள். நீலக் குளிர்சட்டை போட்ட வயதானவர் எவரையும் வழியில் காணவில்லை என்றார்கள்.

"மண் பாக்க இறங்கிட்டார்" என்றேன்.

வெள்ளை வெளேரென்று இருந்த வானம் அப்போதுதான் கீழே இறங்கியது. மகள் அதைப் புகார், மூடுபனி என்றாள். நான் புகார் என்றால் மார்கழி விடியலில் வெங்காயப் பாத்தி மேல் தடவிக்கொண்டு போகும் மெல்லிய வெள்ளையைத்தான் கண்டிருக்கிறேன். இது வேறு. மலை விளிம்பிலிருந்து எழும்பி ஓடி வந்தது. முதலில் காடு மறைந்தது, பிறகு புல்வெளி மறைந்தது, பிறகு மகளின் கால் மறைந்தது. முகத்தில் ஈரம் ஒட்டியது. எங்கள் ஊர் வெளியில் ஒரு ஆள் எவ்வளவு தூரம் போனாலும் தலை தெரியும். மறைக்க ஒரு திட்டிகூடக் கிடையாது. இங்கே என் கையை நீட்டினால் விரல் மங்கலாய்த் தெரிந்தது.

"அப்பா! அப்பா!" என்று மகள் கத்தினாள். நான் "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். பதிலே இல்லை. காற்றுத்தான் புல்லை அலைத்துக்கொண்டிருந்தது.

மகள் என் தோளைப் பிடித்தாள். "அம்மா, நான் ஓடிப்போய் அதிகாரி ஆரையாவது கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் பாதையிலேயே நில்லுங்கோ. ஒரு அடி இஞ்சாலை அங்காலை வைக்கப்படாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ." சத்தியம் பண்ணினேன். அவள் ஓடினாள். கால் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

தனிய நின்றேன். பையில் புட்டு. அவருடைய வயிற்றில் குளிசையும் இரண்டு வாய் பாணும். சீனி குறைந்தால் இவருக்கு முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு கதை மாறும். ஒரு முறை தோட்டத்தில் அப்படி வந்து, வீட்டுக்குப் போகிற பாதை தெரியாமல் வரம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தவர். சொந்தக் காணிக்குள்ளேயே அப்படி என்றால், இந்தப் புகாருக்குள்? "உரும்பிராய்ப் பிள்ளையாரே, இந்த மனுசனை என்ரை கையிலை தந்திடு. பேந்து நான் பாத்துக் கொள்ளுறன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளையாருக்கு மலை ஏறி வர எவ்வளவு நேரம் எடுக்குமோ தெரியவில்லை.

எங்கோ வலது பக்கத்தில் மரை ஒன்று அடித்தொண்டையால் குரல் கொடுத்தது. கட்டையாய், ஒரே ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சிறுத்தையைக் கண்டால் மரை அப்படிக் கத்தும் என்று வாகனச் சாரதி வரும்போது சொல்லியிருந்தான். அந்தப் பாவி அதை ஏன் எனக்குச் சொன்னான்? புல்லுக்குள் ஏதோ சரசரத்தால் சிறுத்தை என்று நினைத்தேன், காற்று நின்றால் அதைவிடப் பயந்தேன். ஒரு தவளை எங்கோ டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நசுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

மகள் அதிகாரி ஒருவரோடு வந்தாள். சிங்களவர், நடுவயது, காக்கிச் சட்டை. தமிழ் ஓரளவு கதைத்தார். என்னைப் பார்த்து, "அம்மா, பயம் வேண்டாம். எத்தனையோ பேரைக் கூட்டி வந்திருக்கிறேன்" என்றார். பிறகு முகம் மாறாமல் அடுத்ததைச் சொன்னார். "ஆனால் இடது பக்கம் அவர் போகக் கூடாது. அங்கே சரிவு. சரிவில் சின்னக் காடு. காடு முடிகிற இடத்தில் மலையும் முடியும்." உலகமுடிவு என்று எல்லோரும் பார்க்கப் போகிற பாறை விளிம்பு அதுதான். பாதையால் போனால் பார்க்க வசதியான இடத்தில் போய் நிற்கலாம். பாதையை விட்டுப் போனால் விளிம்பு எங்கே என்று கால் வைத்தபிறகுதான் தெரியும்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்படியே பாதையில் குந்திவிட்டேன்.

"எழும்புங்க அம்மா," என்றார் அதிகாரி. "நானும் மகளும் பாதையால் முன்னுக்குப் போய், விளிம்புப் பக்கத்தால் தேடிக்கொண்டு வருவோம். நீங்கள் இந்த இடத்தில் நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நிறுத்த வேண்டாம். புகாரில் கண் வேலை செய்யாது. காது மட்டும்தான். உங்கள் சத்தம் கேட்டு அவர் இங்கே வரவேணும்."

"நான் கூப்பிட்டனான்" என்றேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

மகள் இடையில் புகுந்தாள். "அம்மா, உங்கடை இஞ்சேருங்கோவை விடுங்கோ. இண்டைக்கு எத்தினை பேர் ஏறியிருக்கினம். எல்லாரும்தான் ஆரையோ கூப்பிடுகினம். அப்பாக்குத் தன்னைத்தான் கூப்பிடுறது எண்டு எப்பிடித் தெரியும்? பேரைச் சொல்லுங்கோ. அம்மா, கெஞ்சிக் கேக்கிறன்." அவளுடைய கண்ணில் தண்ணீர். அவர்கள் இரண்டு பேரும் புகாருக்குள் போனார்கள். அதிகாரி ஊதிய விசில் கொஞ்சத் தூரம் கேட்டது. காற்று அவர்கள் பக்கம் அடித்ததால் அதையும் முன்னால் கொண்டு போய்விட்டது.

வாயைத் திறந்தேன், வரவில்லை. பேரின் முதல் எழுத்து நாக்கில் வந்து நின்றது, மேலே ஏறவில்லை. ஆயுசு குறையும், ஆயுசு குறையும் என்று உள்ளே யாரோ சொன்னார்கள். அடி விசரி, ஆள் பாறையால் விழுந்தால் குறைய என்ன ஆயுசு மிஞ்சும்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவருடைய பெயர் என் வாயால் முதன்முறையாய் வந்தது. எனக்கே யாரோ வேறு பொம்பிளை கத்தினது போலிருந்தது.

ஒன்றும் இல்லை. திரும்பவும் கத்தினேன். திரும்பவும். வெட்கம் போய்விட்டது. பெயரும் அழுகையும் கலந்து வந்தன. நிறுத்தவில்லை.

அப்போது கேட்டது. ஒரு இருமல். இறைப்பு மெசினை நிற்பாட்டிவிட்டு வரும்போது இருமுவாரே, இரண்டு கட்டை இருமலும் ஒரு இழுவையும், அதே இருமல். இடது பக்கத்திலிருந்து.

உயிர் வந்தது. பெயரைச் சொல்லி இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். ஓம் என்று ஒரு சொல் வருமென்று காது முழுவதையும் அங்கே வைத்தேன். வரவில்லை. புல் முறிகிற சத்தம் கேட்டது. வருகிறார் என்று நினைத்தேன். சத்தம் குறைந்தது. இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். சத்தம் இன்னும் குறைந்தது. மறுபடி இருமல். இந்தத் தரம் இன்னும் கீழே.

கடவுளே, இவர் வரவில்லை. போகிறார்.

கூப்பிட்டால் போகிறார். கூப்பிடாவிட்டாலும் நிற்கிறாரா தெரியாது. மகளுக்குப் பண்ணின சத்தியம் எங்கே போனதோ, பாதையை விட்டு இறங்கினேன். பெயரைச் சொல்லிச் சொல்லி இருமல் கேட்ட பக்கம் போனேன். மேலே பார்க்கக் காய்ந்த புல், கால் வைத்தால் கீழே சேறு. ஒரு கால் முழங்கால்வரை புதைந்தது. இழுத்தெடுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. தண்ணீர் ஐஸ். ஒற்றைக் காலில் செருப்போடு தவழ்ந்தும் நடந்தும் போனேன். நிலம் சரியத் தொடங்கியது. முன்னால் கறுப்பாய், கோணலாய் மரங்கள் புகாருக்குள் தெரிந்தன. அதிகாரி சொன்ன சின்னக் காடு. காட்டுக்குள் சுள்ளி முறிந்தது.

என் கோபம் எனக்கு இவ்வளவு நாளும் வசையைத்தான் வாங்கித் தந்திருக்கிறது. அன்றைக்கு அது வந்தது நல்லது. பயமெல்லாம் ஒரேயடியாய்க் கோபமாய் மாறியது. காலிலே சேறு, கையிலே புட்டு, கூப்பிடக் கூப்பிட ஓடுகிற புருசன். வீட்டில் கத்துவது போல் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! உங்களுக்கென்ன விசரே? நான் இஞ்சை தொண்டை கிழியக் கத்திறன், நீங்கள் எங்கை போறியள்? ஒரு அடி எடுத்து வைச்சியள் எண்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப் போட்டன்!"

காட்டுக்குள் எல்லாம் நின்றது. பிறகு மெல்லிய குரல் ஒன்று. "ஆரது... நீயே?"

"நானில்லாமல் வேறை ஆர்? நில்லுங்கோ அந்த இடத்திலேயே!"

"ஓம்... நிக்கிறன்."

பாசி பிடித்த கிளைகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். முகம் வெளிறி, அந்தக் குளிரிலும் நெற்றியால் வியர்வை ஓடியது. கை நடுங்கியது. பைக்குள் கை விட்டேன். உறை இல்லாத இனிப்பெல்லாம் ஒரே கட்டியாய் ஒட்டிக் கிடந்தது. அதை அப்படியே அவருடைய வாய்க்குள் திணித்தேன். சின்னப் பிள்ளை மாதிரிச் சூப்பினார். அவருடைய தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வெளியில் எவரும் பார்க்க நாங்கள் அப்படி நின்றதில்லை. அங்கே மரமும் புகாரும்தான் பார்த்தன.

எனக்குப் பின்னால் விசில் கேட்டது. நான் கத்தின கத்து அதிகாரிக்குக் கேட்டிருக்கிறது. "அசைய வேண்டாம்! இரண்டு பேரும் அசைய வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு வந்தார். ஏன் அப்படிக் கத்துகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காற்று ஒன்று கீழேயிருந்து எழும்பி வந்து புகாரைப் பிய்த்தது. அப்போது விளங்கியது. இவர் பிடித்திருந்த மரத்துக்கு அங்கால் இன்னும் இரண்டு மரம். அதற்கு அங்கால் நிலமே இல்லை. வெறும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு அடியில், எங்கோ கீழே, தேயிலைத் தோட்டமும் ஒரு நூல் மாதிரி றோட்டும் தெரிந்தன. ஒரு பருந்து எங்கள் காலுக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிகாரி எங்களை ஒவ்வொருவராய்க் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். மகள் தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு அழுதாள். அதிகாரி இவரை இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கையை விரித்துப் போத்தலை வாங்கச் சொன்னால் இவர் வலது கையை விரிக்கிறாரில்லை. மகள்தான் விரலை ஒவ்வொன்றாய் விரித்தாள். உள்ளே கரி மாதிரிக் கறுப்பாய் ஒரு பிடி மண். அவ்வளவு நேரமும் பொத்திக்கொண்டே திரிந்திருக்கிறார், இந்த மனிதன்!

"ஐயா, இங்கேயிருந்து மண்ணும் கொண்டு போக முடியாது" என்றார் அதிகாரி. இவர் மனமில்லாமல் அதைப் புல்லடியில் உதிர்த்தார். உதிர்த்துவிட்டு, "கிழங்கு வரும். ஆனால் தண்ணி நிக்கும், அழுகிப் போம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

புட்டைச் சாப்பிட்டு நிறம் திரும்பினபிறகு நான் கேட்டேன். மகளும் அதிகாரியும் கொஞ்சம் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டது."

"கேட்டுப் போட்டுத்தான் அங்காலை போனியளோ?"

இவர் நடந்தபடியே நிலத்தைப் பார்த்தார். "உன்ரை இஞ்சேருங்கோ அந்தத் தூரத்துக்கு வரேல்லை. பேர் சொல்லித்தான் கேட்டது. முதல் தரம் பேயெண்டு நினைச்சன். மூண்டு தரம் எண்ணினன். மூண்டுக்கு மேலையும் கூப்பிட்டுது. அப்ப பேயில்லை எண்டு விளங்கிச்சு."

"பேயில்லை எண்டால் வாறதுக்கென்ன?"

"அம்மா எண்டு நினைச்சன்" என்றார். "அம்மான்ரை குரல். அம்மாவைத் தவிர எந்தப் பொம்பிளை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது? எனக்கும் தலை சுத்திக்கொண்டு வருது. சரி, என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அம்மா வந்து நிக்கிறா எண்டு நினைச்சன்."

"அப்ப?"

"அப்பென்ன? நீ பாதையிலை தனிய நிப்பாய். என்னைக் காணேல்லையெண்டு கத்திக்கொண்டு நிப்பாய். உன்னை இந்தக் காட்டுக்குள்ளை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? அம்மா, இப்ப வரேலாது எண்டு சொல்லிப் போட்டு மற்றப் பக்கம் திரும்பி நடந்தன்."

நான் நின்றுவிட்டேன். அவர் கொஞ்சத் தூரம் போய், நான் வரவில்லை என்று கண்டு திரும்பிப் பார்த்தார். நான் பரிமாறின சோற்றை எத்தனை நாள் ஆறவிட்டு எழும்பி ஓடிய மனிதன்! தாயின் கூப்பிடலை அவர் தட்டியது அந்த ஒரு நாள்தான். எனக்காகத் தட்டினார். தட்டிவிட்டு நடந்த பக்கத்தில் நிலம் இல்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான்.

"என்னப்பா, கால் நோகுதே?" என்று கேட்டார். என்னுடைய ஒரு கால் வெறுங்காலாய் இருப்பதை அப்போதுதான் கண்டார். தன்னுடைய செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு அவருடைய பெயரை நான் சொல்லவில்லை. மகள் இப்போது என்னைக் கேலி செய்வதும் இல்லை. இந்த முறையும் கிழங்கு நட்டிருக்கிறோம். இவர் சாலுக்குள் குனிந்து நிற்கும்போது குசினி வாசலில் நின்று, "இஞ்சேருங்கோ, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடுவேன். "ஓம், வாறன்" என்று முதல் தரத்திலேயே சொல்லிவிடுவார். சில நாள் காற்று மாறி அடித்தால் குரல் வந்து சேராது. அப்போது நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போகிறேன்.